ஊற்றியும் வாடும் பீஸ் லில்லி: நெரிசலான ஒரு தொட்டியின் நிகழ்வு ஆய்வு

செடியும் புகாரும்

நண்பர் ஒருவரின் வீட்டுக்குள் வளரும் பீஸ் லில்லி. வாய் அகலம் 20 செ.மீ. உள்ள பிளாஸ்டிக் தொட்டி. வாங்கி வந்த நாளிலிருந்து நாலு வருஷத்துக்கு மேலாக அதே தொட்டி, அதே மண். கிழக்கு ஜன்னலிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்திருந்தார்; வெளிச்சத்தில் குறை சொல்ல முடியாது.

புகார் இதுதான். இன்று தண்ணீர் ஊற்றினால் நாளை மாலைக்குள் இலைகள் மொத்தமாகத் தொட்டி விளிம்பில் சாய்ந்துவிடுகின்றன. ஊற்றினால் சில மணி நேரத்தில் நிமிர்கின்றன, மறுநாள் மறுபடி சாய்கின்றன. நுனிகள் பழுப்பாகிக் காய்ந்திருந்தன. புதிதாக வரும் இலைகள் பழைய இலைகளில் பாதி அளவுதான். முதல் வருஷத்துக்குப் பிறகு பூவே இல்லை.

"செடிக்கு இடம் பத்தலை" என்று அவரே முடிவு செய்து 30 செ.மீ. தொட்டி ஒன்றை வாங்கியும் வைத்திருந்தார். இடம் பத்தவில்லை என்பது சரி. ஆனால் அந்தத் தொட்டி கடைசிவரை பயன்படவில்லை. ஏன் என்பதுதான் இந்த ஆய்வின் பெரும்பகுதி.

முதலில் எடை

அடி ஓட்டை வழியாக வேர் எட்டிப் பார்த்தால் உடனே தொட்டி மாற்ற வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. வேர் ஈரத்தைத் தேடிப் போகும் பழக்கம் உள்ளது. தட்டில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்றால், பாதி காலியாக இருக்கும் தொட்டியிலிருந்துகூட இரண்டு வேர் கீழே இறங்கியிருக்கும். நெரிசல் நோயாக மாறியிருக்கிறதா என்பதைத் தண்ணீர்தான் சொல்லும். அதற்கு ஒரு சமையலறைத் தராசு போதும்.

வாடிய நிலையில் தொட்டியோடு செடியின் எடை 1.6 கிலோ. சரியாக ஒரு லிட்டர் தண்ணீரை மேலிருந்து நிதானமாக ஊற்றினோம். கடைசிச் சொட்டு விழுவதற்குள் தட்டு நிரம்பத் தொடங்கிவிட்டது. வடிந்து முடிந்ததும் தட்டில் இருந்ததை அளந்தால் 850 மி.லி. தராசு 1.75 கிலோ காட்டியது. அதாவது, ஊற்றிய ஒரு லிட்டரில் தொட்டி பிடித்து வைத்தது 150 மி.லி. மட்டும். இவ்வளவு இலைப்பரப்பு உள்ள பீஸ் லில்லிக்கு அது ஒரு நாள் செலவுக்கே இழுபறி. மறுநாள் மாலை அது சாய்ந்ததில் ஆச்சரியமே இல்லை.

அடுத்து, தொட்டியை முக்கால் உயரம் மூழ்கும்படி ஒரு வாளித் தண்ணீரில் இறக்கி வைத்தோம். குமிழிகள் வெகுநேரம் வந்துகொண்டிருந்தன. அவை நின்றதும் எடுத்து நன்றாக வடியவிட்டு நிறுத்தால் 2.4 கிலோ. செடி அன்றைக்கு நிமிர்ந்தது, அப்புறம் சில நாள் சாயவே இல்லை.

இந்தச் சோதனையை விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. வேர் அழுகிய செடியும் இதே மாதிரிதான் வாடும். வெளியே பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. எடையில் தெரியும். தொட்டி கனமாகவும் ஈரமாகவும் இருக்கும்போதே செடி வாடினால் வேரில் கோளாறு, நீரை உறிஞ்ச ஆள் இல்லை. தொட்டி லேசாக இருக்கும்போது வாடி, ஊறவைத்ததும் நிமிர்ந்தால் வேர் நலமாக இருக்கிறது, நீர்தான் தங்கவில்லை. முதல் வகைக்கு அடிக்கடி தண்ணீர் ஊற்றினால் செடி செத்துப்போகும். இரண்டாம் வகைக்கு ஊற்றாவிட்டால் சாகும். நம்முடையது சந்தேகமில்லாமல் இரண்டாம் வகை.

நுனி கருகலுக்கும் இங்கேயே விடை இருக்கிறது. தண்ணீரிலும் உரத்திலும் வரும் உப்புகள், மண் முழுக்க நனைந்து அடியில் வடியும்போதுதான் கழுவப்படும். ஓரமாக ஓடிவிடும் நீர் எதையும் கழுவாது. மண் திரும்பத் திரும்பக் காயும்போது மிச்சமிருக்கும் ஈரத்தில் உப்பின் அடர்த்தி ஏறுகிறது, அது இலை நுனியில் போய்ச் சேர்கிறது. தொட்டியின் உள்விளிம்பில் வெள்ளைப் படலம் படிந்திருந்தது இதற்கு ஒத்துப்போனது.

தொட்டிக்குள் இருந்தது

வேர்க்கட்டி சுலபத்தில் வரவில்லை. தொட்டியின் பக்கங்களை அழுத்திப் பார்த்தோம், கவிழ்த்துத் தட்டிப் பார்த்தோம். இலைக்காம்புகளைப் பிடித்து இழுக்கும் ஆசை இந்த இடத்தில்தான் எல்லோருக்கும் வரும். இழுத்தால் தூர் கையோடு வரும், வேர் உள்ளேயே இருக்கும். பழைய பிளாஸ்டிக்தானே என்று கத்தரிக்கோலால் தொட்டியை மேலிருந்து கீழாக வெட்டிப் பிரித்தோம். தொட்டியைவிடச் செடி முக்கியம் என்றால் அதுதான் வேகமான வழி.

வெளிச்சுற்று முழுக்க வேர். அடியில் இரண்டு விரல் கனத்துக்கு வேர் மட்டுமே சுருண்டு பாய் மாதிரி கிடந்தது, மண் கண்ணில் படவில்லை. நிறம் வெள்ளையும் இளம் பழுப்பும், அழுத்தினால் விறைப்பு. அழுகிய வேர் குழைந்திருக்கும், இழுத்தால் மேல்தோல் உறையாகக் கழன்று நடுவில் நார் மட்டும் மிஞ்சும், வாடையும் அடிக்கும். அப்படி எதுவும் இல்லை.

முக்கியமான விஷயம் நடுவில் இருந்தது. வேர்க்கட்டியை விரல்களால் விரித்துப் பார்த்தபோது, ஊறவைத்துச் சில நாள்தான் ஆகியிருந்தும், மையப்பகுதி உலர்ந்து இறுகிப்போயிருந்தது. பீட் (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி) அடிப்படையிலான கலவை ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை விரட்டும் குணம் பெற்றுவிடும். நீர் அதன்மேல் முத்துமுத்தாக உருண்டு, எளிதான வழியில், அதாவது சுருங்கிய மண்ணுக்கும் தொட்டிச் சுவருக்கும் இடையிலுள்ள இடுக்கில் ஓடிவிடும்.

அந்த மையத்தில் மெல்லிய வலைத்துணி சுற்றிய சின்ன மண் உருளைகள் ஐந்து கிடைத்தன. நர்சரியில் நாற்றாக இருந்தபோது சுற்றியவை. இது விபத்தல்ல. விற்பனைக்கு வரும் பீஸ் லில்லிகளில் பெரும்பாலானவை திசு வளர்ப்பில், அதாவது ஆய்வகத்தில் செடியின் சிறு துண்டிலிருந்து, உருவானவை. தொட்டி சீக்கிரம் நிறைந்து தெரிய வேண்டுமென்று பல கன்றுகளைச் சேர்த்தே நடுவார்கள். ஆக, நண்பர் நாலு வருஷமாக ஒரு செடி என்று நினைத்து வளர்த்தது, தொடக்கத்திலிருந்தே ஐந்து செடிகள். அவை ஒவ்வொன்றும் பக்கக் கன்று விட்டுத் தூர் கட்டியிருந்தன. நெரிசல் வாங்கிய அன்றைக்கே தொடங்கிவிட்டது.

மூன்று வழிகள், ஒரு முடிவு

வழி ஒன்று, அப்படியே தூக்கி 30 செ.மீ. தொட்டியில் வைப்பது. அகலம் ஒன்றரை மடங்குதான் என்று தோன்றும். ஆனால் உயரமும் அதே விகிதத்தில் கூடுவதால் கொள்ளளவு ஏறத்தாழ 3.4 மடங்கு. உள்ளே போகும் புது மண்ணில் வேர் இல்லை. அந்த ஈரத்தை உறிஞ்ச யாரும் இல்லை. வாரக்கணக்கில் நனைந்தே கிடக்கும் மண்ணில் காற்று குறையும், அழுகல் தொடங்கும். சரி, இது எல்லாருக்கும் தெரிந்த காரணம். இந்தத் தொட்டியில் அதைவிடப் பெரிய காரணம் இருந்தது: அந்த உலர்ந்த மையம். புது மண்ணைச் சுற்றிலும் போட்டால் தண்ணீர் அதற்குள்ளேயே பரவி நின்றுவிடும். மையத்துக்குள் முன்பு போன கொஞ்சமும் போகாது. வெளியே சதசதப்பு, உள்ளே வறட்சி, அதனால் வாடல். வாடுவதைப் பார்த்து இன்னும் தண்ணீர். வேர் நலமாக இருந்த செடியை அழுகல் நோயாளியாக்க இதைவிட உறுதியான பாதை கிடையாது.

வழி இரண்டு, வேரைக் கழித்துவிட்டு அதே அளவுத் தொட்டியில் புது மண்ணோடு வைப்பது. பிரிக்க முடியாத செடிகளுக்கு, உதாரணமாக ஒற்றைத் தண்டாக வளரும் ரப்பர் செடிக்கு, இதுதான் வழி. இங்கேயும் செய்திருக்கலாம். ஆனால் ஐந்து செடிகள் ஒரே இடத்துக்கு மறுபடி போட்டியிடும்.

வழி மூன்று, தூர் பிரிப்பது. மையத்தைத் திறந்து வலையை எடுத்துவிட இது ஒன்றுதான் வழி. பீஸ் லில்லி ஒவ்வொரு கன்றுக்கும் தனி வேர் வைத்துக்கொள்ளும் செடி, பிரிப்பதைத் தாங்கும். புதுக் குருத்துகள் வந்துகொண்டிருந்த வெப்பமான பருவமாகவும் இருந்தது. வளர்ச்சி நின்றிருக்கும் குளிர்ந்த, வெளிச்சம் குறைந்த மாதங்களாக இருந்திருந்தால், வாளியில் ஊறவைத்தே சமாளித்துக்கொண்டு காத்திருக்கச் சொல்லியிருப்பேன்.

பிரித்த விதம்

வேர்க்கட்டி முழுவதையும் ஒரு டப் தண்ணீரில் ஊறப்போட்டோம். உலர்ந்த மையம் இளகும்வரை பொறுமையாக இருக்க வேண்டும். அவசரப்பட்டால் கிழிவது வேர்தான். இளகியதும் அடியிலிருந்த சுருளை முதலில் அவிழ்த்தோம். அவிழாத கடைசி இரண்டு விரல் கனத்தைச் சுத்தமான கத்தியால் சீவி எடுத்தோம். இதற்குப் பயப்பட வேண்டாம். நலமான செடி மொத்த வேரில் கால் பங்கு போனாலும் தாங்கும்.

அதன்பிறகு கட்டைவிரல்களை மேலிருந்து தூர்களுக்கு நடுவே நுழைத்து மெல்ல விலக்கினால், எது எதோடு ஒட்டியிருக்கிறது என்று தானாகத் தெரியும். தனித்தனிக் கன்றாக நடப்பட்டவை வேர்ப்பின்னல் தளர்ந்ததும் பிரிந்துவிட்டன. ஒரே தாயிடமிருந்து வந்த பக்கக் கன்றுகள் குட்டையான கிழங்கால் இணைந்திருந்தன. அங்கே மட்டும் கத்தி. கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவே ஸ்பிரிட்டால் துடைத்தோம். கையுறை போடுவது நல்லது. இது சேம்பு குடும்பத்துச் செடி, சாற்றில் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பின் ஊசி போன்ற நுண்படிகங்கள் உண்டு, சிலருக்குத் தோல் அரிக்கும். வெட்டி எறிந்த துண்டுகளைப் பூனையோ நாயோ மென்றால் வாய் எரிந்து வீங்கும். கழிவை அன்றைக்கே அப்புறப்படுத்தினோம்.

வலையுறைகளில் நான்கு முழுசாக வந்தன. ஐந்தாவதின் ஊடாகத் தடித்த வேர்கள் போயிருந்ததால் அங்கங்கே வெட்டித் தளர்த்திவிட்டு விட்டுவிட்டோம். வலையை எடுக்கிறேன் என்று நல்ல வேரை அறுப்பது எனக்கு உடன்பாடில்லை.

எத்தனை பாகம் என்பதில் நண்பருக்கும் எனக்கும் சின்ன வாக்குவாதம். எண்ணினால் பதினொரு முளைகள். பதினொரு தொட்டி வைக்கலாமே என்றார். வைக்கலாம், ஆனால் ஒற்றை முளையும் நாலைந்து வேரும் உள்ள துண்டு மறுபடி செடி போலத் தெரியவே ஒரு வருஷம் போல ஆகும், அதற்குள் பல போய்விடும். கடைசியில் நான்கு பாகம்: நான்கு முளைகளோடு இரண்டு, இரண்டு முளையோடு ஒன்று, மெலிந்து ஓரத்தில் கிடந்த ஒற்றை முளை ஒன்று.

தொட்டியின் அளவைச் செடியின் உயரத்தை வைத்துத் தீர்மானிக்கவில்லை. கையில் தூக்கிப் பிடித்தபோது வேர் இருந்த அகலத்தை அளந்து, இருபுறமும் ஒரு விரலிலிருந்து இரண்டு விரல் இடம் விட்டோம். பெரிய இரண்டுக்கும் 16 செ.மீ., அடுத்ததற்கு 12, மெலிந்ததற்கு 9. இலை அகலமாகத் தொங்கும் செடி இவ்வளவு சின்னத் தொட்டியில் பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது.

மண் கலவை: அலசிய கோகோ பீட் இரண்டு பங்கு, பெர்லைட் (காற்றோட்டத்துக்குப் போடும் லேசான வெள்ளைக் கல்துகள்) ஒரு பங்கு, மக்கிய மண்புழு உரம் அரைப் பங்கு. கோகோ பீட்டை அலசச் சொல்வது அதிலுள்ள உப்புக்காக. அடியில் ஓட்டுத்துண்டோ கூழாங்கல்லோ பரப்பவில்லை. அது வடிகாலுக்கு உதவும் என்பது வெகுநாள் நம்பிக்கை, ஆனால் நடப்பது வேறு. நுண்ணிய மண்ணிலிருந்து நீர் பெரிய இடைவெளிகளுக்குள் எளிதில் இறங்காது. மண் முடியும் இடத்திலேயே ஒரு ஈர அடுக்காக நிற்கும். எந்தத் தொட்டியிலும் அந்த அடுக்கு உண்டு. கல் போட்டால் அது கல்லின் உயரத்துக்கு மேலே ஏறி வேருக்குப் பக்கத்தில் வந்துவிடும், அவ்வளவுதான் பலன். மண் கொட்டாமலிருக்க ஓட்டையின் மேல் ஒரு வலைத்துண்டு போதும்.

முன்பு எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழம். முளை கிளம்பும் கழுத்து மண்ணுக்கு மேலேதான். மண்ணைக் குத்தி அழுத்தாமல், தொட்டியைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டி அமரவைத்து, நீர் ஊற்றி மிச்ச இடுக்குகளை அடைத்தோம். வெளிச்சுற்றில் இருந்த கருகிய பழைய இலைகளை அடியோடு எடுத்தோம். குறைந்த வேருக்குக் குறைந்த இலை என்ற கணக்கு.

பிறகு நடந்தவை

முதல் வாரம் நான்கும் தொய்ந்தன. பிரிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத வேர்த்தூவிகள் போய்விடுகின்றன. உறிஞ்சும் வேலையில் பெரும்பங்கு அவற்றுடையது. மண்ணில் ஈரம் இருந்தும் இலைக்குப் போதவில்லை. இந்த வாடலுக்குத் தண்ணீர் மருந்தல்ல. நண்பர் தினமும் வாளியைத் தூக்க, தொட்டியைத் தூக்கிப் பார்க்கச் சொல்லித் தடுக்க வேண்டியிருந்தது. ஜன்னலிலிருந்து இன்னும் தள்ளி வைத்தோம். நடுத்தரமான 12 செ.மீ. தொட்டியை மட்டும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையால் தளர்வாக மூடினோம். அதுதான் முதலில் நிமிர்ந்தது. பெரியவை இரண்டும் மூடாமலேயே பின்தொடர்ந்தன.

ஒற்றை முளை பிழைக்கவில்லை. இரண்டு இலை மஞ்சளாகி, கழுத்து கறுத்துச் சரிந்தது. எடுத்துப் பார்த்தால் வேர் அனைத்தும் குழைந்திருந்தது. 9 செ.மீ. தொட்டிகூட அந்த நாலு வேருக்கு அதிகம்.

ஒன்றரை மாதம் போல உரம் எதுவும் இல்லை. புதுக் குருத்து சுருள் விரிந்து, இரண்டாவது குருத்தும் தலைகாட்டிய பிறகுதான், பெட்டியில் போட்டிருப்பதில் பாதி அடர்த்தியில் திரவ உரம். அதன்பின் வந்த இலைகள் முன்பு வந்துகொண்டிருந்தவற்றைவிடப் பெரியவை, நுனி பச்சை. பழைய இலைகளின் கருகல் அப்படியே இருக்கிறது, அது ஆறாது. மாற்றத்தைப் புது இலையில்தான் பார்க்க வேண்டும்.

பெரிய தொட்டிகளில் ஒன்றை நிறுத்துப் பார்த்தபோது, ஒருமுறை மேலிருந்து ஊற்றினாலே அரைக் கிலோவுக்கு மேல் ஏறியது. பழைய தொட்டியைவிடச் சிறிய தொட்டி, மூன்று மடங்குக்கு மேல் தண்ணீர். வாரம் ஒருமுறை ஊற்றினால் போதும் என்றாகிவிட்டது.

பூ மட்டும் வரவில்லை. அது நெரிசலோடு சம்பந்தப்பட்டது என்று நான் நினைக்கவில்லை. வணிக நர்சரிகளில் பீஸ் லில்லியைப் பூக்கவைக்க ஜிப்ரெலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஹார்மோனைத் தெளிப்பது வழக்கம். வாங்கும்போது ஒரே சமயத்தில் அத்தனை பூ இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அதன் வேகம் தீர்ந்தபின் செடி தன் இஷ்டத்துக்கு, நல்ல வெளிச்சம் கிடைத்தால், ஒன்றிரண்டு பூக்கும். பிரித்த செடி முதலில் வேரும் இலையும் போடும். அடுத்த வளர்பருவம்வரை கேட்காமலிருப்பது நியாயம்.

அதே வீட்டின் இன்னொரு தொட்டி

கையோடு கையாக இதையும் பிரித்துவிடலாம் என்று நண்பர் ஒரு ஸ்னேக் பிளான்ட்டைக் கொண்டுவந்தார். மஞ்சள் விளிம்பு வகை. பார்வைக்குப் பீஸ் லில்லியைவிட நெரிசல் அதிகம்: இலைகள் தோளோடு தோள் உரசி நின்றன, தொட்டியின் ஒரு பக்கம் கிழங்கு தள்ளிப் புடைத்திருந்தது. ஆனால் நோய் எதுவும் இல்லை. இலை விறைப்பு, நீர் தங்குகிறது, புதுக் கன்று வருகிறது. இலையிலும் கிழங்கிலும் நீரைச் சேர்த்து வைக்கும் செடிக்கு இறுக்கமான தொட்டி பாதுகாப்பு; மண் சீக்கிரம் காய்வது அதற்கு நல்லது. கிளைவியாவும் ஹோயாவும்கூட இந்த வகைதான். தளர்வான தொட்டியைவிட இறுக்கத்தில் அவை நன்றாகவே பூக்கும்.

புடைத்த தொட்டி கிழியும் முன் மாற்றத்தான் வேண்டும் என்பதால் பிரித்தோம், ஆனால் முறை நேர்மாறு. ஊறவைக்கவில்லை, உலர்ந்த நிலையிலேயே எடுத்து, கிழங்கை வெட்டி, வெட்டுவாய் காய இரண்டு நாள் நிழலில் போட்டு, காய்ந்த மண்ணில் நட்டு, ஒரு வாரம் கழித்தே முதல் தண்ணீர். நண்பர் மிச்சமிருந்த ஓர் இலையைத் துண்டு போட்டு நட ஆசைப்பட்டார். நட்டால் வேர் பிடிக்கும், கன்றும் வரும், ஆனால் வருவது வெறும் பச்சைச் செடியாக இருக்கும். அந்த மஞ்சள் விளிம்பு இலைத்துண்டு வழியாகத் தொடராது, கிழங்கோடு பிரித்தால்தான் நிற்கும்.

30 செ.மீ. தொட்டி இன்னும் காலியாக இருக்கிறது. 16 செ.மீ. தொட்டிகளில் ஒன்றின் நீர்ப்பிடிப்பு அரைக் கிலோவிலிருந்து இருநூறு கிராம் பக்கம் இறங்கினால், 20 செ.மீ. தொட்டிக்குப் போவதா, மறுபடி பிரிப்பதா என்று அப்போது பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை நிறுத்துத் தொட்டியின் பக்கத்தில் பென்சிலால் எழுதி வருகிறார்.